பச்சை அணைஞ்சா ஓடி வா!

கரன்ட் போனால் நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள்?

'மெழுகுவத்தி தேடுவேன்' என்று சொன்னால் நான் நம்பமாட்டேன். சென்னைக்காரன் முதலில் செய்கிற காரியம் ஒன்றே ஒன்றுதான். பால்கனிக்கு ஓடிப்போய் எதிர்வீட்டைப் பார்ப்பது! அங்கேயும் இருட்டு என்றால் மனசுக்குள் ஒரு நிம்மதி பரவும் பாருங்கள்... 'அப்பாடா, எல்லாருக்கும் போச்சு!' எதிர்வீட்டில் மட்டும் ஜம்மென்று டி.வி. ஓடிக்கொண்டிருந்தால்தான் வயிற்றைக் கலக்கும்.

மந்தைவெளியில் நாற்பது வருஷமாகக் குடியிருக்கிறேன். ராமகிருஷ்ண மடம் சாலையிலிருந்து உள்ளே திரும்புகிற தெரு ஒன்றில், பன்னிரண்டு வீடுகள் கொண்ட ஃப்ளாட். அதற்கு நான்தான் செக்ரட்டரி. (யாரும் போட்டியிடாததால் ஏகமனதாகத் தேர்வு!) இத்தனை வருஷமும் எதிர்வீட்டு ஜன்னலைத்தான் கரன்ட் இலாகாவின் அறிவிப்புப் பலகையாக நினைத்து வந்தேன். அந்தப் பலகையை நம்பினால் ஓர் உயிருக்கே ஆபத்து வரும் என்று போன வருஷம் மே மாத ராத்திரி ஒன்றில் புரிந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அதற்கு முன் கொஞ்சம் பழைய கதை.

என் சின்ன வயசில் வீட்டுக்கு வீடு ஃபியூஸ் கட்டைதான். 'டப்'பென்று சத்தம் வந்தால் அப்பா ஸ்டூல் போட்டு ஏறுவார். பீங்கான் கட்டையைப் பிடுங்கி, எரிந்துபோன கம்பியை எடுத்துவிட்டு, பழைய ஒயரிலிருந்து ஓர் இழை உருவிச் சுற்றுவார். ஒரு தடவை ஐந்தாறு இழைகளைச் சேர்த்து முறுக்கிப் போட்டுவிட்டு, "இனிமே இது ஜென்மத்துக்கும் போகாது" என்று பெருமையாகச் சொன்னார். போகாதுதான்! ஃபியூஸ் போகாது, அதற்குப் பதிலாகச் சுவருக்குள் ஒயர் எரியும், வீடு எரியும். அது தெரியாமலே நாங்கள் எல்லோரும் கைதட்டினோம்.

பிறகு வந்தது எம்.சி.பி. விரல் அகலத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும் சின்ன சுவிட்ச். ஜெர்மனியில் மான்ஹைம் நகரத்து ஹ்யூகோ ஸ்டாட்ஸ் கம்பெனி 1924-ல் இதற்குக் காப்புரிமை வாங்கியது. உள்ளே இரண்டு காவல்காரர்கள் உண்டு. ஒருவர் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டை. அளவுக்கு மேல் லோடு ஏறினால் சூடாகி, மெல்ல வளைந்து, கொக்கியை விடுவிப்பார். இன்னொருவர் கம்பிச்சுருள். ஷார்ட் ஆகிக் கரன்ட் பல மடங்கு பாய்ந்தால், கண் இமைப்பதற்குள் காந்தமாகிக் கொக்கியைத் தட்டிவிடுவார். நீங்கள் லீவரை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாலும் உள்ளே அது விழுந்தே தீரும். அவ்வளவு கறார் பேர்வழி!

ஆனால் இந்தக் கறார் பேர்வழிக்கு ஒரு குறை. வாய் கிடையாது. 'டக்' என்று விழுந்துவிட்டு சும்மா இருக்கும். அது கீழே மீட்டர் ரூமில் இருந்தால் அந்த 'டக்' யாருக்குக் கேட்கும்?

*

மூன்றாவது மாடியில் ஒரு மாமா, மாமி. மாமாவுக்கு எண்பத்து நாலு வயசு. ரயில்வே சிக்னல் இலாகாவில் வேலை பார்த்து, போத்தனூர், அரக்கோணம் என்று ஊர் ஊராக இருந்து ரிடையர் ஆனவர். பிள்ளை அமெரிக்காவில். மாமாவுக்கு நுரையீரல் பலவீனம். ராத்திரி முழுக்க மூக்கில் குழாய். பக்கத்தில் காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின் 'புஸ்... புஸ்...' என்று ஓடிக்கொண்டே இருக்கும்.

அன்றைக்கு ராத்திரி ஒன்றே முக்கால் மணி. கத்திரி வெயில் காலம். யாரோ கதவை இடித்தார்கள். திறந்தால் மாமி. கையில் டார்ச். பேச்சே வரவில்லை.

"இன்வெர்ட்டரும் நின்னுடுத்துடா... மாமாவுக்கு மெஷின் ஓடலை..."

என் சகதர்மிணி பாதித் தூக்கத்தில் மாடிக்கு ஓடினாள். அவசரத்துக்கென்று வைத்திருந்த சின்ன சிலிண்டரைத் திறக்க மாமிக்குக் கை நடுங்கியதாம். இவள்தான் திருகித் திறந்து குழாயை மாற்றியிருக்கிறாள்.

நான் பால்கனிக்கு ஓடினேன் (பழக்க தோஷம்!). எதிர்வீட்டில் லைட் எரிகிறது. இன்வெர்ட்டராக இருக்கலாம். கீழே பார்த்தேன். தெருவிளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது! அப்படியானால் இது கரன்ட் கட் இல்லை. மாமா வீட்டுக்கு மட்டும் போயிருக்கிறது.

நடந்தது இதுதான். ராத்திரி ஒன்பதரைக்கே மாமா வீட்டு எம்.சி.பி. கீழே விழுந்துவிட்டது. ஏ.சி. நின்றது. ஆனால் லைட், ஃபேன், ஆக்ஸிஜன் மெஷின் மூன்றும் இன்வெர்ட்டர் லைனில் இருந்ததால், ஒரு நொடி கண்ணைச் சிமிட்டிவிட்டுத் தொடர்ந்து ஓடின. 'ஏரியாவில் கரன்ட் போயிருக்கு, வந்துடும்' என்று இருவரும் படுத்துவிட்டார்கள். அந்த மெஷின் முந்நூறு வாட்ஸுக்கு மேல் இழுக்கிற சாமான். ஒரு பேட்டரி எத்தனை நேரம் தாங்கும்? நாலு மணி நேரம் தாங்கியதே பெரிய விஷயம்.

மீட்டர் ரூமுக்குப் பாய்ந்தேன். பூட்டு. வாட்ச்மேனை எழுப்பினேன். ஒரு சாவிக்கொத்தைக் கொடுத்தார். இருபத்து மூன்று சாவிகள். ஒன்றிலும் பெயர் எழுதவில்லை. 'எந்த மடையன் இதற்கெல்லாம் பொறுப்பு?' என்று கத்த வாயெடுத்தேன். செக்ரட்டரி யார்? நான்தான்.

ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்த்தேன். பதினேழாவதோ பதினெட்டாவதோ திறந்தது. உள்ளே வரிசையாகப் பன்னிரண்டு எம்.சி.பி.க்கள். ஒன்று மட்டும் தலைகுனிந்து நின்றது. தூக்கிவிட்டேன். மேலேயிருந்து என் மனைவி "வந்தாச்சு!" என்று கத்தியது கேட்டது. அப்படியே மீட்டர் ரூம் வாசலில் உட்கார்ந்துவிட்டேன். கால் இரண்டும் என்னுடையதாகவே இல்லை.

*

மறுநாள் காலை எலெக்ட்ரிஷியன் தம்பியைக் கூப்பிட்டேன். வீரதீரத்தைச் சொன்னேன். பாராட்டுவார் என்று பார்த்தால்...

"இன்னா சார் நீ, படிச்சவரு! ஏன் வுழுந்துச்சுன்னு பார்க்காம தூக்கி வுட்டியா?"

மெயினை அணைத்துவிட்டு எம்.சி.பி.யைக் கழற்றிக் காட்டினார். ஒயரைப் பிடிக்கிற ஸ்க்ரூ தளர்ந்திருந்தது. தளர்ந்த இடத்தில் சூடு ஏறி, ஒயரின் மேல் உறை கருகி, பிளாஸ்டிக்கிலும் பழுப்பேறியிருந்தது. அந்தச் சூட்டில்தான் உள்ளேயிருந்த பட்டை வளைந்து விழுந்திருக்கிறது.

"அது நெருப்புன்னு கத்தியிருக்கு சார். நீ வாயை மூடுன்னு சொல்லிட்டு வந்திருக்கே" என்றார் தம்பி.

அவசரத்துக்கு ஒரு தடவை தூக்கியது போகட்டும். மறுபடி மறுபடி தூக்கிவிடுவது, காய்ச்சல்காரன் நாக்கிலிருந்து தெர்மாமீட்டரைப் பிடுங்கி எறிவதற்குச் சமம்.

புது எம்.சி.பி. மாட்டியானதும் மாமா என்னைக் கூப்பிட்டனுப்பினார். மூக்கில் குழாயோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். கையை அசைத்து நிறுத்தினார்.

"சாவிக்குப் பேர் எழுது. அது ஒண்ணு. ரெண்டாவது, அந்த பிரேக்கருக்கு ஒரு நாக்கு வச்சுக் கொடு. விழுந்தா விழுந்தேன்னு சொல்றதுக்கு."

"அப்படி ஒண்ணு இருக்கா மாமா?"

"பேஷா இருக்கு. டிரிப் அலாரம் கான்டாக்ட்னு கேளு."

இருக்கிறது! பெரிய கம்பெனிகளெல்லாம் செய்கிறார்கள். எம்.சி.பி.யின் பக்கவாட்டில் கிளிப் மாதிரி மாட்டிக்கொள்ளும், அதில் பாதி அகலமே உள்ள சின்னப் பெட்டி. சுமார் 9 மில்லிமீட்டர். எம்.சி.பி.யின் உள் இயந்திரத்தோடு ஒரு சின்ன முள்ளால் இணைந்திருக்கும். எம்.சி.பி. விழுந்தால் பெட்டிக்குள் ஒரு தொடுப்பு இடம் மாறும். அந்தத் தொடுப்பிலிருந்து ஒயர் இழுத்து விளக்கோ பஸ்ஸரோ வைத்துக்கொள்ளலாம். எம்.சி.பி. எந்தக் கம்பெனியோ, எந்த வரிசையோ, பெட்டியும் அதற்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். மச்சினன் சட்டை நமக்குச் சேராத மாதிரி, ஒன்றினுடையது இன்னொன்றுக்குச் சேராது.

தம்பி பாரிமுனைப் பக்கம் இரண்டு நாள் அலைந்து வாங்கி வந்து மாட்டினார். பஸ்ஸரும் வைத்தார். நான் திறப்புவிழா நடத்தினேன். எம்.சி.பி.யின் லீவரைக் கீழே இழுத்தேன். பஸ்ஸர் மூச்சு விடவில்லை.

"போச்சுடா, டம்மி பீஸைக் கொடுத்து ஏமாத்திட்டான்!" என்றேன்.

தம்பி சிரித்தார். "நீயா அணைச்சா அது ஏன் சார் கத்தும்? அதுவா வுழுந்தாதான் கத்தும்!"

விஷயம் இதுதான். இந்தச் சின்னப் பெட்டிகளில் இரண்டு ஜாதி. ஒன்று ஆக்ஸிலரி கான்டாக்ட். சுவிட்ச் மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். நீங்கள் அணைத்தாலும் சரி, அதுவாக விழுந்தாலும் சரி, அதற்கு ஒன்றுதான். இன்னொன்று அலாரம் கான்டாக்ட். இதற்குப் பகுத்தறிவு உண்டு. கோளாறினால் விழுந்தால் மட்டும் வாய் திறக்கும். நிறைய எம்.சி.பி.க்களில் விழுந்ததும் அணைத்ததும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். பெரிய பிரேக்கர்களில் லீவர் நடுவாந்தரத்தில் நின்று காட்டிக்கொடுக்கும். வீட்டு எம்.சி.பி.யில் அந்த வசதி அபூர்வம். அதனால்தான் இந்த நாக்கு.

தம்பி பெட்டியிலிருந்த சோதனை முனையைத் தள்ளினார். பஸ்ஸர் 'பீ...ங்' என்று அலறியது. எனக்குப் பரம திருப்தி. மாமாவிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பஸ்ஸருக்குக் கரன்ட் எங்கேர்ந்து எடுத்திருக்கான்?"

"உங்க வீட்டு லைன்லேர்ந்துதான் மாமா."

"என் வீட்டு லைன் விழுந்தா?"

நான் வாயைத் திறந்தேன். மூடினேன். எம்.சி.பி. நிஜமாகவே விழுந்தால் பஸ்ஸரும் சேர்ந்து செத்துப்போகும்! சோதனையின்போது லைன் உயிரோடு இருந்ததால் கத்தியிருக்கிறது. கிணற்றில் விழுந்தவன் கையிலேயே கயிற்றைக் கொடுத்துவிட்டு வந்த கதை.

மாமா பேப்பரும் பென்சிலும் கேட்டார். மூச்சு வாங்கிக்கொண்டே படம் போட்டார். சொல்லச் சொல்ல, அந்தக் குழாய் இருப்பதே அவருக்கு மறந்துபோனது.

"ரயில்வேயில முதல் பாடம் இது. கைகாட்டியை இழுக்கற கம்பி அறுந்துட்டா, கை தானா 'நில்'லுக்குத்தான் வரணும். 'போ'ன்னு நிக்கக் கூடாது. தண்டவாளத்துல ரயில் நிக்கறதான்னு காட்டறதும் அப்படித்தான். தண்டவாளத்துல சின்னக் கரன்ட் எப்பவும் ஓடிண்டே இருக்கும். ரயில் வந்தா அது நிக்கும், சிவப்பு விழும். ஒயர் அறுந்தாலும் நிக்கும், சிவப்பு விழும். பேட்டரி செத்தாலும் சிவப்பு. அமெரிக்காவில ராபின்சன்னு ஒருத்தன் 1872-ல காப்புரிமை வாங்கினது. கெட்ட சேதிக்குக் கரன்ட் அனுப்பாதே. நல்ல சேதிக்கு அனுப்பு. நின்னா கெட்ட சேதி."

அதன்படியே மாற்றினோம். மாடிப்படி விளக்குக்கென்று உள்ள பொது லைனிலிருந்து ஒரு சார்ஜர், அதில் தனி பேட்டரி. எம்.சி.பி. ஒழுங்காக இருக்கும்வரை ஒரு பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். விழுந்தால் பச்சை அணையும், சிவப்பு எரியும், பஸ்ஸர் அலறும். ஒயரை எலி கடித்தாலும் பச்சை அணைந்து பஸ்ஸர் அலறும். பேட்டரியே போய்விட்டால் சத்தம் வராது. ஆனால் பச்சையும் எரியாது.

"பச்சை அணைஞ்சா ஓடி வா. அவ்வளவுதான் உனக்கு உத்தியோகம்" என்றார் மாமா.

*

இது ஏதோ மந்தைவெளி விவகாரம் என்று நினைத்துவிடாதீர்கள். உலகம் பூராவும் இதே கதைதான்.

2003-ம் வருஷம் ஆகஸ்ட் 14. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஒரு மின் கன்ட்ரோல் ரூம். மத்தியானம் இரண்டே காலுக்கு அங்கே எச்சரிக்கை கொடுக்கும் கம்ப்யூட்டர் புரோகிராம் சத்தமில்லாமல் படுத்துவிட்டது. படுத்தது அங்கிருந்தவர்களுக்குத் தெரியாது. மூன்று மணிக்கு மேல் ஒவ்வொரு பெரிய லைனாக மரத்தில் உரசி விழ ஆரம்பித்தது. திரையில் எச்சரிக்கை எதுவும் வராததால் எல்லாம் நன்றாக இருப்பதாக நினைத்தார்கள். வெளியிலிருந்து போன் பண்ணிக் கேட்டவர்களிடம்கூடக் குழம்பினார்கள். நாலு மணி சுமாருக்கு நியூயார்க் வரை இருண்டது. அமெரிக்காவிலும் கனடாவிலுமாகச் சுமார் 5 கோடி பேருக்குக் கரன்ட் இல்லை.

அதற்கும் முன்னால், 1979 மார்ச் 28. பென்சில்வேனியாவில் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம். ஒரு வால்வு மூடாமல் மாட்டிக்கொண்டது. ஆனால் பலகையில் விளக்கு 'மூடியாச்சு' என்றது. ஏன்? அந்த விளக்கு, வால்வு மூடியதா என்று பார்க்கவில்லை. 'மூடு' என்று உத்தரவு போனதா என்று மட்டுமே பார்த்தது! நம் ஆபீஸ்களில் 'லெட்டர் போட்டாச்சு சார்' என்பார்களே, அந்த மாதிரி. ஊழியர்கள் விளக்கை நம்பினார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் குளிர்விக்கும் தண்ணீர் வெளியேறி, அணு உலையின் உள்பாகம் பாதி உருகிவிட்டது.

மாமாவிடம் இவற்றைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. "சொல்லாத சிக்னலைவிடப் பொய் சொல்ற சிக்னல் மோசம்" என்றார்.

*

அடுத்த கட்டமாக, பன்னிரண்டு வீட்டுக்கும் இதே ஏற்பாட்டைச் செய்வது என்று ஜெனரல் பாடி மீட்டிங் கூட்டினேன். பஜ்ஜி ஏற்பாடு செய்திருந்ததால் ஏழு பேர் வந்தார்கள்.

"மெயின்டனன்ஸ்ல எவ்வளவு ஏறும்?" இது முதல் மாடி.

"பஸ்ஸர் சத்தத்துல எங்க நாய்க்கு நெஞ்சு வலி வந்தா?" இது இரண்டாவது மாடி.

தரைத்தளத்துக்காரர்தான் பலமாக எதிர்த்தார். "என் வீட்டுல ஒயரிங் எல்லாம் புதுசு. ஜென்மத்துக்கும் டிரிப் ஆகாது. நான் எதுக்குக் காசு கொடுக்கணும்?"

(ஜென்மத்துக்கும் போகாது... இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே!)

கடைசியில் மாமி எழுந்தார். அதுவரை எந்த மீட்டிங்கிலும் பேசாதவர். "அன்னிக்கு ராத்திரி நாலு மணி நேரம் நாங்க ரெண்டு பேரும் வந்துடும், வந்துடும்னு படுத்துண்டிருந்தோம். தெருவெல்லாம் வெளிச்சம். எங்களுக்குத்தான் தெரியலை." அவ்வளவுதான் சொன்னார். தீர்மானம் நிறைவேறியது. தரைத்தளம்கூடக் கையைத் தூக்கியது.

இப்போது வாட்ச்மேன் ஸ்டூலுக்கு மேலே ஒரு பலகை. வீட்டு நம்பரோடு பன்னிரண்டு விளக்கு ஜோடிகள். பக்கத்தில் பெயர் எழுதின சாவிகள்.

அந்த ஐப்பசியில் நல்ல மழை. ஒரு ராத்திரி ஒன்பது மணிக்கு பஸ்ஸர் அலறியது. ஐந்தே நிமிஷத்தில் மாடிப்படியில் ஆறு குடும்பம்! ஒரே கட்டடத்தில் இருந்துகொண்டு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காதவர்கள் குடையும் டார்ச்சுமாக நின்றார்கள். எந்த வீடு என்று பார்த்தேன்.

தரைத்தளம்! அவர்கள் திருநெல்வேலியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள்.

போன் பண்ணினேன். மனுஷர் பதறிப்போனார். "சார், ஃப்ரிட்ஜ்ல அம்மாவோட இன்சுலின் ஒரு மாசத்துக்கு வாங்கி வச்சிருக்கோம் சார். திரும்பி வர நாலு நாளாகும்..." உறவுக்காரர் வீட்டிலிருந்து சாவி வந்தது. இன்சுலின் எங்கள் ஃப்ரிட்ஜுக்குக் குடிபெயர்ந்தது. இந்த முறை நான் எம்.சி.பி.யைத் தொடவே இல்லை. காலையில் தம்பி வந்து பார்த்தால், பால்கனி பிளக் பாயின்ட்டில் மழைத் தண்ணீர். அந்த லைனைத் தனியாகக் கழற்றிவிட்ட பிறகே மெயினைத் தூக்கினார்.

உங்கள் வீட்டுக்காக நான் கற்றதில் நாலு வரி:

* கரன்ட் போனால் எதிர்வீட்டு ஜன்னலை நம்பாதீர்கள். ராத்திரியில் தெருவிளக்கைப் பாருங்கள். பிறகு உங்கள் எம்.சி.பி.யைப் பாருங்கள். ஏரியாவிலேயே இல்லையென்றால் மின்வாரியத்தின் மின்னகம் இருக்கிறது.

* விழுந்த எம்.சி.பி.யைத் தூக்கி மறுபடி விழுந்தால் விட்டுவிடுங்கள். எலெக்ட்ரிஷியன் வரட்டும். பெரிய ஆம்பியர் போட்டுச் சமாளிப்பது ஐந்து இழைக் கம்பிக்குத் தம்பி.

* வீட்டில் ஆக்ஸிஜன் மெஷினோ, ஃப்ரிட்ஜில் மருந்தோ இருந்தால் அலாரம் கான்டாக்ட் பற்றிக் கேளுங்கள். பஸ்ஸருக்குக் கரன்ட் எங்கிருந்து என்பதை மறக்காமல் கேளுங்கள். லைசென்ஸ் உள்ளவர்தான் மாட்ட வேண்டும். மின்வாரியம் சீல் வைத்த பக்கம் கையே போகக் கூடாது.

* மாதம் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். சோதிக்காத அலாரம் சுவரில் மாட்டின காலண்டர் மாதிரி. அழகுக்குத்தான்.

மாமா இப்போதும் மூன்றாவது மாடியில்தான் இருக்கிறார். மெஷின் ஓடுகிறது. ராத்திரி பத்து மணிக்கு மாமி எனக்கு போன் பண்ணுவார்.

"மாமா கேக்கறார்டா... பச்சை எரியறதா?"

நான் கீழே இறங்கிப் போய், பலகைக்கு முன்னால் நின்று, பன்னிரண்டையும் எண்ணிவிட்டு வந்து சொல்லுவேன்.

"எரியறது மாமி. பன்னண்டும் எரியறது. தூங்கச் சொல்லுங்கோ."